சில்லின் அளவு மாற்றமும் வாகனச் செலுத்துகையும்: அம்பாறைக் கரையோரத்தை முன்வைத்து ஒரு விளக்கம்

அம்பாறை மாவட்டக் கரையோரத்து ஊர்களில் சில்லு மாற்றுதல் என்பது புதிய செயலன்று. பெரும்போகத்துக்கு வயலைச் சேறாக்கும் காலத்தில், இரு சில்லு உழவு இயந்திரத்தின் இறப்பர்ச் சில்லுகளைக் கழற்றி வைத்துவிட்டு, இரும்பினாற் கூடுபோல் அமைந்த சில்லுகளை மாட்டுவது சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று முதலான பகுதிகளின் விவசாயிகளுக்குக் கைவந்த பழக்கமாகும். சேற்றில் இறப்பர்ச் சில்லு வழுக்கும். இரும்புச் சில்லு சேற்றைப் பிடித்துக்கொள்ளும். உழவு முடிந்து, பெட்டியை இழுத்துக்கொண்டு வீதிக்கு ஏறும்போது மீண்டும் இறப்பர்ச் சில்லே வேண்டும். தரை மாறினால் சில்லும் மாறவேண்டும் என்ற அறிவு இங்கு எந்த நூலிலிருந்தும் பெறப்பட்டதன்று.

அண்மைக் காலத்தில் மருதமுனை, கல்முனை தொடக்கம் அக்கரைப்பற்று வரையுள்ள வீதிகளில் வேறொரு வகையான சில்லு மாற்றத்தைக் காண்கிறோம். சிறிய ஜப்பானியக் கார்களிலும் வான்களிலும், உற்பத்தியாளர் விதித்த அளவை விட்டு அகன்ற டயரும் உயர்ந்த டயரும் பெரிய விளிம்பும் மாட்டப்படுகின்றன. இதனை வெறும் இளைஞர் மோகம் என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆயின் அவ்வாறு ஒதுக்குவோர் 2020 இன் பின்னர் இந்நாட்டில் நிகழ்ந்தவற்றை மறந்தவராவர். அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடி காரணமாக வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடையில், 2022 இல், ரூபாவின் பெறுமதி சரிந்தது. ஐந்தாண்டுக் காலம் பழைய வாகனங்களையே வைத்துச் சமாளிக்க வேண்டியிருந்த மக்கள், உரிய அளவில் டயர் கிடையாதபோது அல்லது கட்டுபடியாகாதபோது, பொருந்துகின்ற எதையேனும் மாட்டினர். பள்ளத்துக்கும் வெள்ளத்துக்கும் உயரம் நல்லது என்ற எண்ணமும் அதனோடு சேர்ந்துகொண்டது. எனவே இம்மாற்றம் வாகனத்தின் நடத்தையை எவ்வாறு பாதிக்கின்றது என்பதை எண்களோடு நோக்குவது பயனுடையதாகும்.

இக்கட்டுரையின் கருத்தை முதலிலேயே கூறிவிடலாம். சில்லு என்பது வாகனத்தின் அளவுகோல். வேகமானி காட்டும் கதி, ஓடிய தூரம், எஞ்சின் இழுக்கும் இழுவை, பிறேக் பிடிக்கும் வலு, தாங்கக்கூடிய பாரம் ஆகிய யாவும் ஒரு குறிப்பிட்ட சில்லை எடுகோளாகக் கொண்டு கணிக்கப்பட்டவை. சில்லை மாற்றுபவர் அளவுகோலை மாற்றுகிறார். வாகனத்தின் ஏனைய உறுப்புகளோ பழைய கோலினாலேயே தொடர்ந்து அளந்துகொண்டிருக்கின்றன.

இந்த உண்மையை நமது மொழி முன்னரே ஓரளவு பதிந்து வைத்திருக்கிறது எனலாம். வண்டிச் சில்லின் ஆரக்காலுக்குத் தமிழில் ஆரை என்றும் பெயர். இலங்கைப் பாடசாலைகளின் கணித நூல்களில் வட்டத்தின் மையத்திலிருந்து பரிதிவரையுள்ள தூரத்துக்கும் ஆரை என்பதே கலைச்சொல். தச்சன் செதுக்கிய கட்டை கேத்திரகணிதத்தின் அளவாயிற்று. ஆரக்கால்கள் வந்து பொருந்தும் நடுக்கட்டைக்குக் குறடு என்றும், வெளிவட்டத்துக்குச் சூட்டு என்றும் பழைய பெயர்கள் உண்டு. இன்றைய மோட்டார்ச் சில்லில் ஆரையின் ஒரு பகுதி உலோக விளிம்பாகவும், மறுபகுதி காற்றடைத்த டயரின் பக்கச் சுவராகவும் பிரிந்துவிட்டது. இப்பிரிவை மனத்திற் கொண்டால் பின்வரும் கணக்குகள் எளிதில் விளங்கும்.

டயரின் பக்கச் சுவரில் 155/65 ஆர் 14 என்று பொறிக்கப்பட்டிருப்பதாகக் கொள்வோம். இங்குள்ள வீதிகளில் மிகுதியாகக் காணப்படும் சுசுக்கி வேகன் ஆர் காருக்கு உற்பத்தியாளர் விதித்த அளவுகளுள் இதுவும் ஒன்று. முதலெண் டயரின் அகலத்தை மில்லிமீற்றரில் தருவது. இரண்டாவது எண், பக்கச் சுவரின் உயரம் அகலத்தில் எத்தனை வீதம் என்பது. ஆர் என்னும் எழுத்து, டயரின் உள்ளிழைகள் ஆரக்கால்களைப் போல மையத்தை நோக்கி ஓடும் அமைப்பைக் குறிக்கும். பிரான்சிய நிறுவனமான மிச்சலின் 1946 இல் இவ்வமைப்புக்குக் காப்புரிமை கோரியது. இறுதி எண் விளிம்பின் விட்டம், அங்குலத்தில். ஒரே வரியில் மில்லிமீற்றரும் வீதமும் அங்குலமும் கலந்து கிடப்பது விந்தையே. 1970களில் அதே மிச்சலின் நிறுவனம் விளிம்பையும் மில்லிமீற்றரில் அளக்கும் டயர் வகையொன்றை வெளியிட்டது. ஆயின் உலகம் அங்குலத்தைக் கைவிடவில்லை.

கணக்கு இதுதான். 155 இன் 65 வீதம் 100.75 மில்லிமீற்றர். மேலும் கீழுமாக இரு பக்கச் சுவர்கள் 201.5. பதினான்கு அங்குலம் 355.6. கூட்டினால் சில்லின் முழு விட்டம் 557 மில்லிமீற்றர். பரிதி ஏறத்தாழ 1,750 மில்லிமீற்றர். ஒரு கிலோமீற்றர் செல்ல இச்சில்லு 571 தடவை சுழலவேண்டும். பாரத்தினால் டயர் சற்று நசிவதால் உண்மையான எண்ணிக்கை சிறிது கூடும். ஒப்பீட்டுக்கு அது தடையன்று.

இதே காரின் உயர்ந்த வகையொன்றுக்கு உற்பத்தியாளரே 165/55 ஆர் 15 என்ற அளவை விதித்துள்ளார். அதன் விட்டம் 562.5 மில்லிமீற்றர். விளிம்பு ஓர் அங்குலம் பெருத்தும், பக்கச் சுவர் அதற்கேற்பக் குறைந்தமையால், முழு விட்டத்தின் வேறுபாடு ஒரு வீதத்துக்குட்பட்டது. பெரிய விளிம்பு வேண்டுமெனின் அதனை எவ்வாறு செய்வது என்பதற்கு இதுவே முன்மாதிரி. மாறாக, விளிம்பை அப்படியே வைத்துக்கொண்டு 175/65 ஆர் 14 என்ற டயரை மாட்டினால் விட்டம் 583 மில்லிமீற்றராகிறது, 4.7 வீத ஏற்றம். இடைப்பட்ட 165/65 ஆர் 14 மாட்டினால் 2.3 வீதம். மூன்று வீதத்துக்கு மேற்படாத மாற்றமே ஏற்கத்தக்கது என்பது டயர்த் தொழிலில் வழங்கும் பொதுவான எல்லை.

வேகமானி சாலையைப் பார்ப்பதில்லை. அது சுழற்சியை எண்ணி, ஒரு சுழற்சிக்கு இவ்வளவு தூரம் என்ற பழைய கணக்கினாற் பெருக்கிக் காட்டுவது. 583 மில்லிமீற்றர்ச் சில்லோடு அது 60 எனக் காட்டும்போது, அதற்கு முன் அது சரியாகக் காட்டியிருந்தால், வாகனம் 62.8 கிலோமீற்றர் வேகத்திற் செல்கிறது. 70 எனக் காட்டும்போது 73 ஐக் கடந்துவிடுகிறது. இதில் ஒரு நுட்பம் உண்டு. வேகமானி உண்மைக் கதியைவிடக் குறைத்துக் காட்டலாகாது, ஓரளவு கூட்டிக் காட்டலாம் என்பது ஐக்கிய நாடுகளின் 39 ஆம் இலக்க வாகன ஒழுங்குவிதி. அதனால் பல கார்களில் வேகமானி தொடக்கத்திலேயே சில கிலோமீற்றர் கூடுதலாகக் காட்டும்படி அமைந்திருக்கும். பெரிய சில்லு அந்தக் காப்பிடைவெளியைத் தின்றுவிடுகிறது. அபராதச் சீட்டுப் பெறுவோர் பலர் வேகமானியைப் பார்த்துக்கொண்டே பெறுவதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

தூரமானியின் பிழை இன்னும் சுவையானது. 2022 யூலையில் கியூ.ஆர். அட்டை முறையில் எரிபொருள் பங்கிடப்பட்டபோது, காருக்கு வாரத்துக்கு 20 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றர் என்று தொடக்கத்தில் வரையறுக்கப்பட்டது. ஒவ்வொரு லீற்றரையும் எண்ணிச் செலவிட்ட அக்காலத்தில், பெரிய டயர் போட்ட பின் வாகனம் பெற்றோல் கூடக் குடிக்கிறது என்ற முறைப்பாடு எழுவது இயல்பே. லீற்றருக்கு 20 கிலோமீற்றர் ஓடும் கார் ஒன்று 20 லீற்றரில் 400 கிலோமீற்றர் ஓடுகிறது எனக் கொள்வோம். 175/65 டயரோடு அதே 400 கிலோமீற்றரைத் தூரமானி 382 என்றே பதியும். பதினெட்டுக் கிலோமீற்றர் காணாமற்போனது எரிபொருளினால் அன்று, எண்ணிக்கையினால். இதனைக் கழித்த பின்னரும் எஞ்சும் குறைவே உண்மையான மேலதிகச் செலவு. அச்செலவும் இல்லாமலில்லை: அகன்ற டயர் பாரமானது, காற்றை மிகுதியாகத் தடுப்பது.

இழுவையும் இவ்வாறே மாறுகிறது. எஞ்சினின் முறுக்கம் அச்சாணிக்கு வந்து, ஆரையின் நீளத்தால் வகுபட்டே தரையில் தள்ளுவிசையாகிறது. ஆரை 4.7 வீதம் நீண்டால் தள்ளுவிசை 4.5 வீதம் குறையும். ஜப்பானியச் சட்டம் இவ்வகைச் சிறிய கார்களின் எஞ்சினை 660 கன சென்ரிமீற்றருக்குள் அடக்கிவைத்திருக்கிறது. விட்டுக்கொடுக்க அதிகம் இல்லாத எஞ்சின் அது. கல்முனை வீதியின் சமதரையில் இக்குறைவு தெரியாது. கியரைத் தானே ஒழுங்குசெய்யும் பொறியமைப்பு அதனை மூடிமறைத்தும்விடும். அம்பாறையைக் கடந்து பதுளைப் பக்கத்து ஏற்றங்களில், ஐவரை ஏற்றிக்கொண்டு செல்லும்போது தெரியும். பிறேக்குக்கும் இதே விதி: ஒரே அளவு அமைதியான நிறுத்தத்துக்கு முன்னிலும் 4.7 வீதம் கூடிய பிடி தேவை. இறுதி எல்லையில், டயருக்கும் தரைக்குமிடையிலான உராய்வே நிறுத்தும் தூரத்தைத் தீர்மானிப்பதால், பெரிய சில்லு போட்டவுடன் பிறேக் செயலிழந்துவிடும் எனக் கூறுவது மிகை. நீண்ட இறக்கத்தில் பிறேக் சூடேறும் வேகம் கூடும் என்பதே சரியான கூற்று.

இனிப் பள்ளங்கள் பற்றிய வாதத்துக்கு வருவோம். பெரிய சில்லு பள்ளத்தை இலகுவாகக் கடக்கும் என்பது பொதுவாகச் சொல்லப்படுவது. இக்கூற்று பொய்யன்று, மாட்டு வண்டியின் காலத்தில் அது முழு உண்மையாகவே இருந்தது. இருபது சென்ரிமீற்றர் அகலமுள்ள பள்ளமொன்றைக் கற்பனை செய்க. ஒன்றரை மீற்றர் விட்டமுள்ள வண்டிச் சில்லு அதன் மேலாக உருளும்போது பள்ளத்துள் இறங்குவது 7 மில்லிமீற்றருக்கும் குறைவு. 557 மில்லிமீற்றர் விட்டமுள்ள கார்ச் சில்லு 18.6 மில்லிமீற்றர் இறங்கும். 583 மில்லிமீற்றர்ச் சில்லோ 17.7 மில்லிமீற்றர். அதாவது டயரை மாற்றிப் பெற்ற நன்மை ஒரு மில்லிமீற்றருக்கும் உட்பட்டது! வண்டிச் சில்லின் அநுபவத்தைக் கார்ச் சில்லுக்குப் பொருத்துவதில் உள்ள தவறு இதுதான். வண்டியில் ஆரை மும்மடங்காகிறது. காரில் நூற்றில் ஐந்துதான் கூடுகிறது.

காரைப் பள்ளத்திலிருந்து காப்பது பக்கச் சுவரிலுள்ள காற்று. 1888 இல் பெல்பாஸ்ற் நகரில் டன்லப் தம் மகனின் மூன்று சில்லு வண்டிக்கு இறப்பர்க் குழாயில் காற்றடைத்துக் கட்டியதன் பயன் இதுவே. (அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்னரே, 1845 இல், தொம்சன் என்ற ஸ்கொத்லாந்தியர் இதற்குக் காப்புரிமை பெற்றிருந்தார் என்பது பலர் அறியாதது.) மேற்கூறிய காரின் மூல டயரில் பக்கச் சுவர் 101 மில்லிமீற்றர். பதினைந்து அங்குல விளிம்புக்கு 91. அழகுக்காகப் பதினாறு அங்குல விளிம்பில் 165/45 டயர் மாட்டுவோர் உண்டு. அதன் பக்கச் சுவர் 74 மில்லிமீற்றர் மட்டுமே. வேகமானியைப் பொறுத்தவரை இம்மாற்றத்தில் குற்றம் காண இயலாது. முழு விட்டம் 555 மில்லிமீற்றர், மூல அளவுக்கு மிக அண்மையானது. ஆயின் பள்ளத்தின் கூரிய விளிம்பு முன்பு நசுக்கிய காற்றில் கால்வாசிக்கு மேல் இப்போது இல்லை. அடி உலோகத்துக்குப் போகிறது. விளிம்பு வளைவதும், பக்கச் சுவரின் உள்ளிழை அறுந்து கொப்புளமாவதும் இதன் விளைவுகள். கொப்புளம் கண்ட டயரை ஒரு நாளும் ஓட்டலாகாது. ஏ-4 பெருவீதி 2004 ஆழிப்பேரலைக்குப் பின்னரும் 2009 இல் போர் முடிந்த பின்னரும் திருத்தியமைக்கப்பட்டு வழுவழுப்பாக இருப்பது உண்மை. எவரும் பெருவீதியில் மட்டும் வாழ்வதில்லை. வயலுக்கும் கடற்கரைக்கும் திரும்பும் உள்வீதிகளே டயரைச் சோதிப்பவை.

அகலத்தைப் பற்றி ஒரு பிழையான எண்ணம் பரவலாக உள்ளது. அகன்ற டயர் தரையை அதிகம் தொடும் என்பர். ஒரு சில்லின் மேல் 250 கிலோ பாரம், டயரில் சதுர அங்குலத்துக்கு 35 இறாத்தல் அமுக்கம் எனின், தரையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ 100 சதுர சென்ரிமீற்றர். பாரத்தைத் தாங்குவது பெரும்பாலும் உள்ளேயுள்ள காற்றாதலின், டயரை அகலமாக்கினாலும் பரப்பு பெரிதும் மாறாது. வடிவமே மாறும். 11 சென்ரிமீற்றர் அகலமும் 9 சென்ரிமீற்றர் நீளமுமாக இருந்த சுவடு, பன்னிரண்டரை அகலமும் 8 நீளமுமாகும். வளைவுகளில் பக்கவாட்டாக இழுபடும்போது இவ்வடிவம் நன்று; சுக்கான் அசைவுக்கு வாகனம் உடனே இணங்கும். மாரி மழையில் அதுவே தீது. அகன்ற முகப்பு நீரை முன்னால் ஆப்புப்போலக் குவிக்கிறது. குறுகிய நீளத்தில் அந்நீரைப் பிழிந்து வெளியேற்ற நேரம் போதாது. சில்லு தரையை விட்டு நீரின் மேல் மிதக்கத் தொடங்குகிறது. அந்நிலையில் சுக்கானும் பிறேக்கும் இருந்தும் இல்லாதவையே.

மிதக்கத் தொடங்கும் வேகத்துக்கு அமெரிக்க நாசா நிறுவனத்தின் ஆய்வாளர் ஹோர்னும் ட்றேயரும் விமான டயர்களை ஆராய்ந்து 1963 இல் வெளியிட்ட விதியொன்று உண்டு. அமுக்கத்தின் வர்க்கமூலத்தை, இறாத்தற் கணக்கில், ஏறத்தாழ 16.7 ஆல் பெருக்கினால் கிலோமீற்றரில் விடை வரும். 36 இறாத்தலுக்கு 100 கிலோமீற்றர். 25 இறாத்தலுக்கு 83. 16 இறாத்தலுக்கு 67. தேய்ந்த டயருக்கும் அகன்ற டயருக்கும் இது மேலும் குறையும். கரையோரத்து வாகனங்களுக்கு இவ்விதி சிறப்பாகப் பொருந்துவதற்கு ஒரு காரணம் உண்டு. மீன் ஏற்றுவதற்காகக் கடற்கரை மணலில் இறங்கும் வாகனத்தின் டயரிலிருந்து காற்றைக் குறைப்பது நல்ல உத்தி. அமுக்கம் பாதியானால் தொடுபரப்பு ஏறத்தாழ இருமடங்காகி, சில்லு புதையாது. மீண்டும் காற்றடைக்காமல் அப்படியே பெருவீதியில் ஏறி ஓடுவதே கேடு. மணலில் உதவிய பதினாறு இறாத்தல், மழையில் நனைந்த வீதியில் 67 கிலோமீற்றரிலேயே சில்லை மிதக்கவைக்கும்; மழையில்லாத நாளில் பக்கச் சுவரைச் சூடாக்கிக் கிழிக்கும்.

இதுவரை கூறியவற்றுள் எதுவும் இனிக் கூறப்போவதைப் போல் உயிர்க்கேடு விளைப்பதன்று என்பது என் கருத்து. விளிம்பும் அகலமும் உயரமும் மாறாமலே சில்லு மாறிவிடக்கூடும். சிறிய ஜப்பானிய வான்களுக்குரிய டயர்களில் 145/80 ஆர் 12 என்ற அளவோடு 80/78 என்ற எண் பொறிக்கப்பட்டிருக்கும். சிறிய கார்களுக்குரிய டயரிலும் அதே 145/80 ஆர் 12. ஆனால் பின்வரும் எண் 74. அளவு ஒன்றே, விளிம்பில் ஏறும் விதமும் ஒன்றே, பார்வைக்கும் வேறுபாடில்லை. விலையில் மட்டும் வேறுபாடுண்டு. அந்த எண்களோ பாரக் குறியீடுகள்: ஒற்றைச் சில்லாக மாட்டும்போது 80 என்றால் ஒரு டயர் 450 கிலோ தாங்கும், 74 என்றால் 375 கிலோ. பின் அச்சாணியில் இரண்டு டயர்கள் உள்ளமையால் இழப்பு 150 கிலோ. இவ்வகை வான்களுக்கு ஜப்பானில் அனுமதிக்கப்பட்ட சுமையே 350 கிலோதான். பனிக்கட்டியோடு மீன்பெட்டிகளையும், சம்மாந்துறை ஆலைகளிலிருந்து அரிசி மூடைகளையும், காலையில் பாடசாலைப் பிள்ளைகளையும் ஏற்றும் வான் அந்த எல்லையோடு நிற்பதில்லை என்பது யாவரும் அறிந்தது. கார் டயருக்கு வான் டயரின் அமுக்கத்தையும் ஏற்றமுடியாது. தாங்காப் பாரத்தோடு சுழலும் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மிகையாக வளைந்து நிமிர்கிறது, வளைவு வெப்பமாகிறது, வெப்பம் இறப்பரையும் இழையையும் பிரிக்கிறது. டயர் வெடிக்கும் நாள் நண்பகலாகவும், பாரம் நிறைந்ததாகவும், வேகம் கூடியதாகவும் இருப்பது தற்செயலன்று. ஆகவே டயர் வாங்குபவர் அளவை மட்டும் கேட்பது அரைக் கேள்வியாகும்.

வேறு இரண்டு விடயங்களைச் சுருக்கமாகச் சொல்லலாம். விளிம்பின் நடுத்தட்டு எவ்வளவு உள்ளே அமைந்திருக்கிறது என்பதும் ஓர் அளவே. சில்லு வெளியே தள்ளி நிற்கும்படியான விளிம்பை மாட்டினால் கார் அகன்று அழகாகத் தோன்றும். பாரம் அச்சுக்குண்டுகளின் நடுவே விழாமல் விலகி விழுவதால் அவை விரைவில் இரைச்சலிடும், சுக்கானும் பள்ளந்தோறும் இழுக்கும். மற்றையது, முன்னும் பின்னும் வெவ்வேறு அளவு போடுவது. நான்கு சில்லும் ஒருங்கே இழுக்கும் வாகனத்தில் இது இயக்கப் பெட்டியை அழிக்கும். ஏனையவற்றில், சில்லுகளின் சுழற்சியை ஒப்பிட்டுப் பூட்டுதலைத் தவிர்க்கும் பிறேக் அமைப்பு, வேறுபாட்டை வழுக்கல் எனத் தவறாகக் கொள்ளக்கூடும்.

வெள்ளத்தைப் பற்றிய நம்பிக்கை தனியே ஆராயத்தக்கது. கிட்டங்கித் தாம்போதி முதலான தாழ்வீதிகளில் மாரி தோறும் நீர் பாய்வதைக் கண்டு வளர்ந்தவர்களுக்கு, வாகனம் உயர்ந்திருத்தல் ஒரு தேவையாகவே தோன்றும். 175/65 டயர் காரை உயர்த்துவது விட்ட வேறுபாட்டில் பாதி, அதாவது 13 மில்லிமீற்றர். ஒரு விரலின் தடிப்பு. காரின் அடித்தளம் ஏறத்தாழ 4 சதுர மீற்றர் எனின், தளத்துக்கு மேல் ஒவ்வொரு 10 சென்ரிமீற்றர் நீரும் 400 கிலோ பாரத்தை மேலே தூக்கும். 800 கிலோக் கார் 20 சென்ரிமீற்றரில் தரையை விட்டுவிடும். விரற்கடை உயரம் இங்கே எதையும் மாற்றாது. காற்றடைத்த டயரும் நீரில் ஒரு மிதவையே. பெரிய டயர், பெரிய மிதவை. ஓடும் நீரின் பக்கத்தள்ளுகை வேகத்தின் வர்க்கத்துக்கேற்ப வளர்வது. அதனைத் தாங்குவது சில்லின் உயரமன்று, தரையில் அழுந்தும் பாரம். உழவு இயந்திரத்தின் பின்சில்லு காரின் சில்லைவிடப் பன்மடங்கு பெரிது. அப்படியிருந்தும் 2024 நவம்பர் 26 ஆம் திகதி காரைதீவு – மாவடிப்பள்ளி வீதியில் வெள்ளத்தைக் கடக்க முயன்ற உழவு இயந்திரம் அடித்துச் செல்லப்பட்டது. மத்ரஸாவிலிருந்து வீடு திரும்பிக்கொண்டிருந்த மாணவர்கள் உயிரிழந்தனர். அப்பிள்ளைகளின் இழப்பை ஒரு பௌதிகக் கணக்கின் உதாரணமாக்குவது நோக்கமன்று. உயர்ந்த சில்லு வெள்ளத்தைக் கடக்கும் என்ற எண்ணம் இன்னும் இப்பிரதேசத்தில் உயிரோடு இருப்பதாலேயே இங்கு குறிப்பிட நேர்ந்தது.

பிழையான டயரை மாட்டியவரைக் குற்றஞ்சாட்டுவதில் எமக்கு உடன்பாடில்லை. 1952 இல் சீனாவோடு செய்த உடன்படிக்கையின்படி இறப்பரைக் கொடுத்து அரிசி பெற்ற நாடு இது. அரிசியை இங்கேயே விளைவிக்கும் நோக்கோடு 1949 இல் தொடங்கப்பட்ட கல்லோயாத் திட்டத்தின் நீர் இன்றும் இம்மாவட்டத்து வயல்களுக்குப் பாய்கிறது. தொழிற்சாலை வாகனங்களுக்கான திண்ம இறப்பர் டயர்களை உலகுக்கு ஏற்றுமதி செய்யும் முன்னணி நாடுகளுள் இலங்கை ஒன்று. இறப்பரும் நெல்லும் விளையும் மண்ணில், நெல் ஏற்றும் வானுக்கு உரிய டயர் எட்டாப் பொருளானதற்கு வாகனச் சாரதி பொறுப்பாளியல்லன். வசதியுள்ளவர் அழகுக்காக அளவை மாற்றுகிறார். வசதியற்றவர் கிடைத்ததற்காக மாற்றுகிறார். பௌதிகம் இருவரையும் வேறுபடுத்துவதில்லை, ஆயினும் பாரம் ஏற்றுபவர் பெரும்பாலும் இரண்டாமவரே. தனியார் கார்கள் ஆண்டுதோறும் பெறவேண்டிய சான்றிதழ் எஞ்சினின் புகையை அளப்பதற்குரியது. சில்லைப் பற்றி அது பேசுவதில்லை.

அறிவைப் பெறும் வழியிலும் ஒரு தடை உண்டு. இவ்வாகனங்களிற் பல ஜப்பானில் ஓடியபின் இங்கு வந்தவை. கையேடு ஜப்பானிய மொழியில் உள்ளது. ஆங்கிலக் கையேட்டைத் தேடிப் பெறுவோர் சிலர். தமிழில் ஒரு பக்கமும் இல்லை. 1950கள் தொடக்கம் விஞ்ஞானக் கலைச்சொற்களை ஆக்கிய இந்நாட்டில் சடத்துவம், முறுக்கம், அமுக்கம் என்பனவெல்லாம் பரீட்சை மண்டபத்தோடு நின்றுவிட்டன. டயர்க் கடைவரை வரவில்லை. கையேடு இன்றியே வாசிக்கக்கூடியது ஒன்று மட்டும் ஒவ்வொரு வாகனத்திலும் இருக்கிறது. சாரதியின் கதவைத் திறந்தால், கதவு பொருந்தும் தூணிலோ கதவின் உட்புறத்திலோ ஒட்டப்பட்டிருக்கும் சிறு தகடு அது. சுற்றியுள்ள எழுத்து எம்மொழியாயினும் எண்கள் எல்லார்க்கும் பொது: டயரின் அளவு, பல தகடுகளில் அதனோடு பாரக் குறியீடு, கிலோபஸ்கலில் அமுக்கம். அமுக்கத்தை ஏறத்தாழ 7 ஆல் வகுத்தால் கடைக்காரர் கேட்கும் இறாத்தல் கிடைக்கும். 240 எனின் 35. டயரின் பக்கச் சுவரில் நீள்வட்டத்துள் நான்கு இலக்கங்கள் தனியே தெரியும். முதலிரண்டு வாரம், பின்னிரண்டு ஆண்டு. 3219 எனின் 2019 ஆம் ஆண்டின் 32 ஆம் வாரத்தில் வார்க்கப்பட்டது. மிதி ஆழம் எவ்வளவு இருந்தாலும், வெயிலிலும் காற்றிலும் ஆண்டுக்கணக்கில் கிடந்த இறப்பர் இறுகி வெடிக்கத் தொடங்கியிருக்கும். பழைய டயர் வாங்குவோர் விலையைக் கேட்குமுன் பார்க்கவேண்டியது அந்நான்கு இலக்கங்களை.